பன்னிரண்டாவது ரீல்

தள்ளாதீங்க தம்பி. அப்படித் தள்ளித் தள்ளிப் பாக்காதீங்க. உங்க போனு, உங்க படம், நான் யாரு சொல்றதுக்கு. ஆனா ரொம்ப நேரமா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வர்றேன். கட்டைவிரலால ஒரு தள்ளு தள்ளுறீங்க, பத்து நிமிஷம் போயிருது. அந்தப் பத்து நிமிஷத்துல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு, ஐம்பது வருஷத்துக்கு மேல.

திருச்சி வரைக்குமா? நானும் அங்கதான். கீரனூர்ல நான் ஏறுனதைப் பாத்தீங்கல்ல. காலையில இதே மாதிரி ஒரு பஸ்ஸுலதான் கீரனூர் போனேன். போறப்ப ஒரு வேகம் இருந்துச்சு. இப்ப உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எழுபத்தஞ்சு முடிஞ்சுருச்சு, அதுவும் ஒரு காரணம். வேற காரணமும் இருக்கு. சொல்றேன், நீங்க போனை அணைச்சாலும் சரி, அணைக்காட்டியும் சரி.

என் பேரு கோதண்டம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல, டைம் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவன். அந்தக் காலத்துல எங்க பக்கம் மங்களாம்பிகா டாக்கீஸ்னு ஒரு தியேட்டர். மத்தியானத்துலேர்ந்து தமிழ்ப் படம் ஓடும். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் இங்கிலீஷ் படம். எல்லாம் பழைய படம், ஊரெல்லாம் ஓடித் தேஞ்சு, மழை பெய்யுற மாதிரி கோடு கோடா விழும். எனக்கு அது கோயிலு. மத்தவன் ஞாயித்துக்கிழமை கறி வாங்கப் போவான், நான் கோட்டு போட்டுக்கிட்டுப் படத்துக்குப் போவேன்.

சிரிக்காதீங்க. கோட்டுதான். பாலக்கரையில ஒரு டெய்லர்கிட்ட பத்திரிகையில வந்த ஹாலிவுட் நடிகர் படத்தைக் காட்டித் தச்சது. சித்திரை மாசத்து வெயில்ல, பொன்மலையில, கம்பளிக் கோட்டு. வேர்வை முதுகுல ஆறா ஓடும். கழட்ட மாட்டேன். கிரிகரி பெக் கழட்டுவாரா? அந்த மனுசன் ஒரு புருவத்தைத் தூக்குனா போதும், நம்ம ஆளுங்க ஒரு பக்கம் வசனம் பேசுறது அதுல இருக்கும். இங்க்ரிட் பெர்க்மன் அழுதா சத்தமே இருக்காது, கண்ணு நெறஞ்சு நிக்கும், அவ்வளவுதான். எனக்கு அவங்க மேல ஒரு பைத்தியம். அந்த மாதிரி நிக்கணும், அந்த மாதிரி நடக்கணும், அந்த மாதிரி ஒருத்தியப் பாத்துப் பேசாம இருக்கணும். ஒர்க்‌ஷாப்புல என்னைக் 'கோட்டு'ன்னுதான் கூப்பிடுவானுங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும்.

இங்கிலீஷ் எனக்கு நல்லா வரும். அதாவது, பாதி புரியும். மீதியை முகத்தைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். முன்னாடி வரிசையில ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்க உக்காந்திருக்கும். அவங்க சிரிச்ச கையோட நானும் சிரிச்சுருவேன். பின்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு நான்தான் முதல்ல சிரிச்ச மாதிரி இருக்கும். அதுல ஒரு சந்தோஷம். வயசு அப்படி, இருபத்துமூணு.

அந்தத் தியேட்டர்ல லேடீஸ் கேட்டுல டிக்கெட் கிழிக்கிறவ தனபாக்கியம். படம் ஓட்டுற ஆப்பரேட்டர் ராஜகண்ணுவோட தங்கச்சி. அப்பா அம்மா கிடையாது, அண்ணனும் தங்கச்சியும்தான். படம் விட்டதும் பத்து நிமிஷம் அந்தக் கேட்டுல நின்னு பேசுவோம். 'இன்னைக்குக் கதை என்னங்க?'ன்னு கேப்பா. நான் சொல்லுவேன். கோட்டு போட்டுக்கிட்டு, ஒரு கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டுச் சொல்லுவேன். அவ கண் கொட்டாமக் கேப்பா. ஒரு வருஷம் இப்படியே போச்சு. தொட்டதில்ல, ஒரு சினிமாவுக்குச் சேந்து போனதில்ல. தியேட்டர் வாசல்லயே நின்னுக்கிட்டு எங்க சேந்து போறது.

பின்னாலதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை ராத்திரி படப்பெட்டி ஸ்டேஷன்ல வந்து எறங்கும், உள்ள பத்துப் பத்து நிமிஷச் சுருளா பிலிம், ரீல்னு சொல்லுவாங்க. சனிக்கிழமை காலையில ஆப்பரேட்டர் அதை ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாப்பான், எங்க அறுந்திருக்கு, எங்க ஒட்டணும்னு. அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போறவ அங்கேயே உக்காந்து பூராப் படத்தையும் பாத்துருவாளாம். அப்ப ஞாயித்துக்கிழமை என்கிட்டக் கதை கேட்டது? அதை விடுங்க. பொண்ணுங்க அப்படித்தான்.

எழுபத்திரெண்டுல ஒரு படம் வந்துச்சு. படத்தோட பேரைச் சொல்ல மாட்டேன். அதுல நடிச்சவர் பேரையும் சொல்ல மாட்டேன், அவர் மேல எனக்கு இப்ப வருத்தம். 'அவர்'னு சொல்றேன், போதும். அவர் நிலம் அளக்குற சர்வேயர். ஒரு சின்ன ஊருக்கு வேலையா வர்றார், ஒரு வீட்டுல வாடகைக்கு அறை எடுக்குறார். அந்த வீட்டுப் பொண்ணுக்கும் அவருக்கும் பிரியம் வந்துருது. ஆனா அவ அப்பா வசதியான மில்லுக்காரனுக்குக் கட்டிக் குடுக்க நினைக்கிறார். மில்லுக்காரனும் கெட்டவன் இல்ல. அவர் யோசிக்கிறார். என்கிட்ட என்ன இருக்கு, அவளாவது நல்லா இருக்கட்டும். ஒரு லெட்டரை எழுதி விளக்குக்கு அடியில வச்சுட்டு ஸ்டேஷனுக்குப் போயிடுறார். அவ ஓடி வர்றா. ரயில் நகர்ந்துருது. ஜன்னல்லேர்ந்து அவர் தொப்பியை ஒரு விரலால தொடுறார். ஒரு வார்த்தை பேசல. பிளாட்பாரத்துல அவ மட்டும் நிக்கிறா. புகை.

அவ்வளவுதான் படம். உடனே தேசிய கீதம் போட்டுருவாங்க. அப்ப ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் தேசிய கீதம் போடுவாங்க, நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எல்லாரும் விறைப்பா நிக்கணும். நின்னு முடிச்சா கதவைத் திறந்துருவாங்க.

நானும் நின்னேன் தம்பி. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்னு தோணுச்சு. விட்டுக் குடுத்துட்டு, தொப்பியத் தொட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிறணும்.

வெளிய வந்து தனபாக்கியத்துக்கிட்டக் கதையைச் சொன்னேன். கடைசியில அவ ஒரு மாதிரி பாத்தா. 'படம் அப்படியா முடியுது?'ன்னா. ஆமான்னேன். 'இல்லீங்க. அவரு அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி, மழையில தண்டவாளத்தோரமா நடந்தே திரும்பி வருவாருங்க. சேறும் சகதியுமா வந்து கொல்லைக் கதவைத் தட்டுவாரு'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவரு சேத்துல நடப்பாரா? தலைமுடி ஒண்ணு கலைஞ்சு பாத்திருக்கியா நீ அவருக்கு? 'இங்கிலீஷ் படம் உனக்கென்ன புரியும் தனம், டிக்கெட்டை ஒழுங்காக் கிழி'ன்னேன். கிண்டலாத்தான் சொன்னேன். அவளும் சிரிச்சா. சிரிச்சான்னுதான் நினைக்கிறேன்.

படத்துல ரயில் வருதுல்ல, பொன்மலைக்காரன் ரயில்னா விடுவானா. ஆறு ஞாயிறு ஓடுச்சு. ஆறு தடவையும் நான் போனேன்.

நாலாவது ஞாயிறு தனபாக்கியம் என்கிட்ட, கீரனூர்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்துட்டுப் போயிருக்காங்கன்னு சொன்னா. சொந்தமா ரைஸ் மில்லு. 'நீங்க வந்து எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. அண்ணன் உங்க வாயிலேர்ந்து வரணும்னுதான் காத்துக்கிட்டு இருக்கு'ன்னா.

பாத்தீங்களா? மில்லு. படத்துலயும் மில்லு, இங்கயும் மில்லு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுருச்சு. என்னடா இது, நம்மளைப் பாத்தே எடுத்த மாதிரி இருக்கேன்னு. எங்க வீட்டுல சம்மதிப்பாங்களாங்கிறது வேற. தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிற பொண்ணுன்னா எங்கம்மா என்ன சொல்லியிருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அது காரணம் இல்ல. சத்தியமா அது காரணம் இல்ல. நான் எங்கம்மாகிட்டக் கேக்கவே இல்லையே, அப்புறம் அது எப்படிக் காரணம் ஆகும்?

உக்காந்து ஒரு லெட்டர் எழுதுனேன். நாலு பக்கம். நீ நல்லா இருக்கணும், அது போதும் எனக்குன்னு. ஆரம்பமும் முடிவும் இங்கிலீஷ்ல. அஞ்சாவது ஞாயிறு அவ கையில குடுத்தேன். வாங்கி ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டா. ஒண்ணும் கேக்கல.

ஆறாவது ஞாயிறு. படத்துக்கும் அதுதான் கடைசி நாள். நான் வெளிய வந்தப்ப அவ லேடீஸ் கேட்டுல நின்னுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் வெளிறிப் போச்சு. 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னா. கையை வேற ஆட்டுறா. பாவம், அண்ணன் மாடியிலேர்ந்து பாத்துருவான்னு பயந்துட்டா போலன்னு நினைச்சேன். நான் பேசல. தொப்பி இல்ல, அதனால ரெண்டு விரலை நெத்தியில வச்சு எடுத்துட்டு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். திரும்பிப் பாக்கல. ரெண்டு மாசத்துல அவ கல்யாணம் முடிஞ்சு கீரனூர் போயிட்டா. நானும் தியேட்டர் பக்கம் போறதை நிறுத்திட்டேன்.

அப்புறம் எனக்கும் கல்யாணம் ஆச்சு. கோகிலா. நல்ல மனுஷி தம்பி, அவளை ஒரு குறை சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வருஷம் அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கல. பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி. எனக்குள்ள ஒரு துக்கம் இருக்குன்னு அவளுக்குத் தெரியும், என்னன்னு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல கேட்டதில்ல. கேட்டா நான் எழுந்து ஜன்னல்கிட்டப் போயி நின்னுக்குவேன். அவ போய்ச் சேந்து மூணு வருஷம் ஆச்சு. போற வரைக்கும் என்னைப் பத்தி ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை குறையாச் சொல்லலையாம். பொண்ணு சொல்லி அழுதுச்சு. எதுக்கு அழுதுச்சுன்னு எனக்கு அப்பப் புரியல.

நாலு மாசத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தப்ப, 'மாமா, உங்களுக்குப் பிடிச்ச பழைய படம் ஏதாவது சொல்லுங்க, டிவியில போட்டுத் தர்றேன்'ன்னார். பேரைச் சொன்னேன். போட்டுட்டார். கோடு கிடையாது, புள்ளி கிடையாது, நேத்து எடுத்த மாதிரி இருக்கு. ரயில் கிளம்புச்சு. தொப்பியத் தொட்டார். பிளாட்பாரம், புகை. எனக்குக் கண்ணுல தண்ணி. தேசிய கீதம் வரலையேன்னு பழக்கத்துல கால் எழுந்திருக்கப் பாக்குது. டிவி நிக்கல. படம் ஓடுது தம்பி. இன்னும் ஓடுது.

அவர் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கார். எதிர் சீட்டுல ஒரு கிழவி என்னமோ கேக்குறா. அடுத்த ஸ்டேஷன் வருது. எறங்குறார். மழை. தண்டவாளத்தோரமா நடக்குறார். தொப்பி பறந்து போகுது, எடுக்கல. ரெண்டு தடவை வழுக்கி விழுறார், அந்தக் கோட்டோட. கொல்லைக் கதவைத் தட்டுறார். அவ கதவைத் திறந்து, இப்பத்தான் தரையைத் தொடைச்சேன், ஷூவைக் கழட்டிட்டு வாங்கங்கிறா. அப்புறம்தான் ரெண்டு பேரும் அழுவுறாங்க.

பத்து நிமிஷம். பன்னிரண்டாவது ரீல்.

அன்னைக்கு என்னால சாப்பிட முடியல. விசாரிச்சேன். பழைய ஆளுங்க ஒண்ணு ரெண்டு பேரு இருக்காங்க, சொன்னாங்க. காலை ஆட்டம் பன்னிரண்டரைக்குள்ள முடிஞ்சாகணுமாம். ஹாலைக் கூட்டணும், மேட்னிக் கூட்டத்தை உள்ள விடணும். படத்துக்கு முன்னாடி சர்க்கார் நியூஸ் ரீலைக் கட்டாயம் ஓட்டணும், அதை விட முடியாது. அதனால மேனேஜர் எந்த இங்கிலீஷ் படம் வந்தாலும் ஒரு ரீலை ஓட்டாம விட்டுறச் சொல்லுவானாம். இந்தப் படத்துல, ரயில் போயிருச்சுல்ல, அதோட முடிஞ்ச மாதிரிதான இருக்கு, கடைசி ரீலை விட்டுருன்னானாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அவன் செத்து முப்பது வருஷம் ஆச்சு, தியேட்டர் இருந்த இடத்துல கல்யாண மண்டபம் நிக்குது. இருந்தாலும் அந்த வாசல்ல போயி நின்னு வாய்க்கு வந்தபடி திட்டுனேன். வாட்ச்மேன் பிடிச்சு வெளிய விட்டான். ஒரு பயலோட அவசரத்துக்கு என் வாழ்க்கை போச்சே. அந்தப் பத்து நிமிஷத்தை நான் பாத்திருந்தா நானும் திரும்பிப் போயிருப்பேன். போயிருக்க மாட்டேனா? நாலு மாசம் இதே நினைப்பு. கடைசியில, தனபாக்கியம்கிட்டப் போயிச் சொல்லிரணும்னு முடிவு பண்ணேன். வேற ஒண்ணும் வேண்டாம். நான் விட்டுட்டுப் போன ஆளு இல்ல, எனக்கு முடிவை மறைச்சுட்டாங்கன்னு அவளுக்குத் தெரியணும். அவ வாயால, 'உங்க மேல தப்பு இல்லீங்க'ன்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் இன்னைக்குப் போனேன்.

மில்லு வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்ல. வாசல்ல அவ புருசன் உக்காந்திருந்தார். வைரவன்னு பேரு. காது கேக்கல, ஆனா அவரே எழுந்து சேரை இழுத்துப் போட்டார், இளநி வெட்டச் சொன்னார். அவ உள்ளேர்ந்து வந்தா. கண் ஆபரேஷன் பண்ணிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா. என்னை உத்துப் பாத்தா. 'கோட்டுக்காரரா?'ன்னா. எனக்கு நீன்னு கூப்பிட வாய் வரல. 'எப்படி இருக்கீங்க?'ன்னேன்.

வந்த விஷயத்தைக் கொட்டிட்டேன். ரீலு, மேனேஜரு, நியூஸ் ரீலு, எல்லாம். எனக்குத் தெரியாது, என்னை ஏமாத்திட்டாங்க, தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்னேன். அவ பொறுமையாக் கேட்டா. அந்தக் காலத்துல கேட்ட மாதிரியே கேட்டா. அப்புறம், 'நான்தான் சொன்னேனே'ன்னா.

சொன்னா. அது வாஸ்தவம். எனக்கு அது அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவே இல்ல.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், முன்னாடியே சொல்லியிருக்கணும். முதல் மூணு ஞாயிறு நான் கடைசி வரைக்கும் இருந்து தேசிய கீதத்துக்கு நின்னேன். அப்புறம் அது பிடிக்கல. அந்தத் துக்கத்தோட கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு வர்றது நல்லா இல்ல. அதனால ரயில் ஊதுனதும் எழுந்துருவேன். ஊதல் சத்தம் பின்னாடி கேட்டுக்கிட்டே இருக்க, நான் தனியா வெளிய வருவேன். நடையில பெரிய கண்ணாடி ஒண்ணு இருக்கும், அதுல தலையைச் சரி பண்ணிக்குவேன். ஆறாவது ஞாயிறும் அப்படித்தான் வந்தேன்.

அவ சொன்னா. 'சொன்னா நீங்க நம்பல. கண்ணால பாத்தாலாவது நம்புவீங்கன்னு அண்ணன் கால்ல விழுந்தேன். அன்னைக்கு அண்ணன் நியூஸ் ரீலைப் போடாம, மேனேஜர்கிட்டச் சொல்லாம, கடைசி ரீலைப் போட்டுச்சுங்க. நீங்க வெளிய வந்து கண்ணாடியில தலை சீவிக்கிட்டு இருக்கீங்க. உள்ள போங்க, உள்ள போங்கன்னு கத்துறேன்.'

நான் கையில இருந்த இளநியக் கீழ வச்சுட்டேன்.

ராஜகண்ணுவுக்கு மறுநாளே வேலை போச்சாம். அப்புறம் விராலிமலைப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில ஓட்டிக்கிட்டு இருந்து செத்துப் போனானாம். அவ அதையும் கோவமாச் சொல்லல. 'நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் உள்ள போயி, கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். அவரு சேத்தோட வந்து கதவைத் தட்டுனப்ப ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுனாங்க. அப்படி ஒரு கைதட்டு'ன்னா. இளநியக் குடிங்கன்னா. வைரவன் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தார்.

உங்க மேல தப்பு இல்லன்னு அவ சொல்லல. இருக்குன்னும் சொல்லல. நான் எழுந்து வந்துட்டேன். காலையில போறப்ப வழி நெடுக மேனேஜரைத் திட்டிக்கிட்டே போனேன் தம்பி, தெம்பா இருந்துச்சு.

ஒண்ணை மட்டும் அவகிட்ட நான் சொல்லல. அன்னைக்கு சைக்கிள்ல சாஞ்சு கொஞ்ச நேரம் நின்னுட்டு, பூட்டைத் திறந்துக்கிட்டு இருந்தப்ப அந்தக் கைதட்டு எனக்கும் கேட்டுச்சு. எதுக்குத் தட்டுறாங்கன்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு ஏறி மிதிச்சேன். எனக்குத்தான் தட்டுறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.